போகிக்குள் முடித்துவிடலாம்

"போகிக்குள்ள முடிச்சிடலாம் முசியே."

இதைச் சொன்னது நான். வேறு யார் வாயிலிருந்தும் வந்ததல்ல. முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மனம் வராது.

எண்பதுகளின் பின்பாதி. காரைக்கால் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. ஜன்னல் வழியே உப்புக் காற்று. எனக்கு இருபத்தாறு வயது. காத்திரு என்று யாராவது சொன்னால் உள்ளங்கால் அரிக்கும். இப்போது தலை நரைத்துவிட்டது. அரிப்பு போகவில்லை. ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் அடுத்த வாக்கியத்துக்குத் தாவுகிற கை இது. அன்றைக்கும் அப்படித்தான் தாவியது.

எங்கள் வேலை என்னவென்று சொல்ல வேண்டும். காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. பென்ஷனுக்கும் விசாவுக்கும் அவர்களுக்குப் பழைய பதிவேடுகளிலிருந்து நகல் வேண்டும்: பிறப்பு, திருமணம், இறப்பு. அந்தப் பதிவு அலுவலகத்தைப் பெரியவர்கள் 'எத்தா சிவில்' என்றுதான் சொல்வார்கள். அங்கே எழுத்தர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: எந்த வருஷம், என்ன நம்பர்? தெரிந்தால் இரண்டு நாளில் நகல். தெரியாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அந்த வருஷத்தையும் நம்பரையும் கம்ப்யூட்டரில் தேடித் தருவதுதான் எங்கள் தொழில்.

நாங்கள் மூன்று பேர். முதலாளியை ஊரே 'முசியே' என்று அழைத்தது. பிரெஞ்சில் ஐயா என்று பொருள். பிரான்சில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். மழை இல்லாத நாளிலும் கழுத்தில் ஒரு மஃப்ளர். இன்னொருவர் நெடுங்காட்டிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். விவசாயக் குடும்பம், அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரி. முசியே அனுமதி வாங்கித் தந்திருந்ததால் பதிவேடுகளைப் பார்த்துச் சீட்டு சீட்டாக எழுதி வந்தவர் அவர்தான். பழைய மெஷினின் புரோகிராமில் பாதியும் அவர் எழுதியது. மீதிப் பாதியும் மொத்த அவசரமும் என்னுடையவை.

பழைய மெஷினில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஒவ்வொரு கொம்யூனுக்கும், அதாவது ஒவ்வொரு ஊராட்சிப் பகுதிக்கும், தனி ஃப்ளாப்பி. "திருநள்ளாற எடுத்துட்டு நெடுங்காட்டப் போடுங்க" என்று நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு, காத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். ஃப்ளாப்பிகளில் பூஞ்சை பிடித்தது. கடற்காற்று எதைத்தான் விட்டது, கதவுக் கீலையே தின்றுவிடும். ஒரு பெயரைத் தேட ஆரம்பித்தால், வந்தவர் கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாம். ஆகவே புதுசு வேண்டும் என்பதில் எங்கள் மூவருக்கும் சண்டை இல்லை. சண்டை எல்லாம் எப்போது என்பதில்தான்.

கார்த்திகை மழையில், தார்ப்பாய் சுற்றி, மதராசிலிருந்து வந்து இறங்கியது புதுசு. ஹார்ட் டிஸ்க். எல்லாக் கொம்யூனும் ஒரே வயிற்றுக்குள். ஒரு பெயரைத் தட்டினேன். கையை எடுப்பதற்குள் பதில். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அது பொய்யான சிலிர்ப்பு இல்லை. இன்றும் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

முசியே சொன்னார்: "ஒரு வருஷம் ரெண்டும் சேந்து ஓடட்டும். அங்க எக்ஸ்சேஞ்சுல அப்படித்தான். புது போர்டு வந்தா பழசு பக்கத்துலயே நிக்கும். ஒரு நாள் கூட லைன் செத்ததில்ல."

"ஒரு வருஷமா?" என்றேன். "ரெண்டு தடவ டைப் அடிக்கணும் முசியே. ஒரே ஆளு ரெண்டு வீட்டுக்குச் சமைக்கிற மாதிரி."

நெடுங்காட்டுப் பெண் சீட்டைப் புரட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "எங்கப்பா புது விதை வந்தா முழு வயலுக்கும் விடமாட்டாரு. வாய்க்கா ஓரமா ஒரு மா நெலத்துல மட்டும் விட்டுப் பாப்பாரு. பழைய விதைக் கோட்டைய அந்த வெள்ளாமை வீடு வந்து சேர்ற வரைக்கும் தொடமாட்டாரு."

"இது நெல்லு இல்லீங்க."

"இல்லதான். நெல்லுன்னா காஞ்சா கண்ணுக்குத் தெரியும்."

அவர் கேட்டது ஒரு வருஷம் கூட இல்லை. வைகாசி வரை போதும் என்றார். அதுவரை ஒரு கொம்யூனை மட்டும் புதுசில் ஓட்டுவது, வருகிறவர்களுக்கு இரண்டிலும் பார்த்துச் சொல்வது, இரண்டும் ஒன்றையே சொல்கிறதா என்று சீட்டோடு சரிபார்ப்பது. நியாயமான பேச்சு. நியாயமான பேச்சைப் போல அந்த வயதில் எரிச்சலூட்டுவது வேறொன்றும் இல்லை.

அப்போதுதான் அந்த வார்த்தையை எடுத்தேன். போகி. முசியேயை எனக்குத் தெரியும். பிரான்சில் இருந்த அத்தனை வருஷமும் பொங்கல் சமயத்தில் பனியில் நின்று ஊர்ப் புகையை நினைத்துக்கொண்டவர் அவர், அவரே சொல்லியிருக்கிறார். போர்டு, லைன் என்று பேசும்போது இரும்பு. பண்டிகை என்றால் வெண்ணெய். "பழசக் கழிச்சு, தை ஒண்ணாந்தேதி புதுசுல தொடங்கிடலாம் முசியே. சீட்டுக் கட்டெல்லாம் கரையான் வேற அரிக்குது. போகிக்குள்ள முடிச்சிடலாம்."

அவர் முகம் இளகியதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துப் போட்டேன்.

"நல்ல நாளுதான்" என்றார்.

முடிந்தது. எங்கள் குழு ஒரு முக்கியமான முடிவை எடுத்துவிட்டது. தேதி பஞ்சாங்கத்திலிருந்து வந்தது. வேலையிலிருந்து வரவில்லை.

போகி என்னை அதற்கு முன்பும் ஒரு முறை உதைத்திருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில், ஆறாம் வகுப்பில், அரையாண்டுப் பரீட்சை முடிந்த தெம்பில் நோட்டுகளையெல்லாம் போகி நெருப்பில் போட்டேன். முழுப் பரீட்சைக்கும் அதே பாடம்தான் என்று மாசியில்தான் உறைத்தது. பங்குனி முழுக்கப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதினேன், கை வீங்கிப் போனது. அப்படிப்பட்ட ஒருவன் இரண்டாவது முறை கொளுத்துவான் என்று யார்தான் நினைப்பார்கள்.

மார்கழி நடுவில் அவர் வந்தார். பூவத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், பம்புசெட்டு மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ். மாடிப்படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

"தம்பி, எத்தா சிவில் நம்பர் எடுத்துக் குடுப்பீங்களாமே?"

"உக்காருங்கண்ணே. என்ன விஷயம்?"

அவருடைய அப்பா பிரான்சில். இவர் பிறந்தபோது அப்பா அம்மா கல்யாணம் பதிவாகவில்லை. வருஷங்கள் கழித்துத்தான், இவன் என் மகன் என்று அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தப் பத்திரம் எந்தப் பதிவேட்டில் எந்த நம்பரில் இருக்கிறது என்று இவருக்குத் தெரியாது. அது இல்லாமல் விசா கிடையாது. அப்பாவைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் கடிதம் போட்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மடித்து மடித்துத் துணி மாதிரி ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், பார்க்க வேண்டுமென்றால் சீக்கிரம் வரச் சொல்லவும்.

"ரெண்டு தடவதான் பாத்திருக்கேன் தம்பி" என்றார். "அதுல ஒரு தடவ பேசவே இல்ல. வெக்கம். நானும் பேசல, அவரும் பேசல. ரெண்டு பேரும் மோட்டாரப் பாத்துக்கிட்டு நின்னோம்."

பழைய மெஷினில் தேடினேன். கிடைத்தது. பெட்டியிலிருந்து சீட்டையும் உருவினேன். நெடுங்காட்டுப் பெண்ணின் கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல். பிறப்பு விவரத்துக்குக் கீழே, பதிவேட்டின் ஓரத்தில் பின்னால் எழுதப்பட்டிருந்த குறிப்பு: தகப்பன் மகனை ஏற்றுக்கொண்ட பத்திரம், சாட்சிகள் இன்னார் இன்னார், அதற்கப்புறம் வருஷம், கடைசியில் நம்பர். நீளமான குறிப்பு. சீட்டின் கடைசி வரி வரை வந்து நின்றது.

"இருக்குண்ணே. எல்லாம் இருக்கு."

அவர் எழுந்தே விட்டார். "அத ஒரு துண்டுத் தாள்ல குறிச்சுக் குடுத்திடுங்களேன்."

இரண்டு நிமிடம். பேனா என் சட்டைப் பையில் இருந்தது. தாள் மேசையில் இருந்தது. அன்றே குறித்துக் கொடுத்திருந்தால் அந்த வாரமே நகல் வாங்கியிருப்பார், பாண்டிச்சேரிக்குப் போய் விசாவுக்கு எழுதிக் கொடுத்திருப்பார். நான் என்ன சொன்னேன்?

"கையெழுத்துல வேணாம்ணே. தை நாலாந்தேதி வாங்க. புது மெஷின் வந்திருக்கு, பளிச்சுன்னு அடிச்சுத் தர்றேன். ஆபீஸ்ல பாத்ததும் எந்திரிச்சு நின்னு வாங்குவாங்க."

அவர் சிரித்தார். "மெஷினுக்கு எந்திரிப்பாங்க. நமக்கு எங்க எந்திரிப்பாங்க." பிறகு, "நாளாயிடாதுங்களா?"

"பொங்கலுக்கு ஆபீஸே மூடித்தான் கெடக்கும்."

முதல் தாள் அவருடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நல்ல எண்ணம் என்றுதான் நினைத்துக்கொண்டேன். புது மெஷினின் முதல் அச்சு, ஒரு மகனை அப்பாவிடம் அனுப்பிவைக்கும் தாள். எனக்குள் கவிதை எழுதுகிறவன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இது போதுமாக இருந்தது. பூவத்துக்காரருக்கு வேண்டியது ஒரு நம்பர் மட்டும்.

மெஷின் மாற்றுகிற வேலையை நான் தனியாகவே செய்தேன். பழசுக்கும் புதுசுக்கும் நடுவே ஒரு கேபிள், நடுவில் என் புரோகிராம். பழசில் குறிப்பு என்றால் எவ்வளவு நீளமும் எழுதலாம். நெடுங்காட்டுப் பெண் அப்படித்தான் செய்துவைத்திருந்தார். புதுசில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு கட்டம், கட்டத்தின் அகலத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சில சீட்டுகளைப் பார்த்தேன். எல்லாம் சின்னக் குறிப்புகள், கல்யாணத் தேதி, இறந்த தேதி. ஒரு அகலம் வைத்தேன். நீளமான குறிப்புகளுக்குத் தனி வழி ஒன்று உண்டு, அதைக் கற்றுக்கொள்ள இன்னும் பத்து நாள் ஆகும். போகிக்குப் பத்து நாள் இல்லை.

"அம்பது சீட்டாவது எடுத்து, வரிக்கு வரி ஒத்துப் பாப்போங்க" என்றார் நெடுங்காட்டுப் பெண்.

"எண்ணிக்கை ஒத்துப் போச்சு. அங்க எத்தனையோ இங்கயும் அத்தனை. வேற என்ன வேணும்?"

அறுவடை நேரம். பொங்கலுக்கு நான்கு நாள் முன்பே அவர் நெடுங்காட்டுக்குப் போக வேண்டியிருந்தது. படியிறங்கும்போது, "சீட்டையாவது வச்சிருங்க" என்றார். "வைகாசி வரைக்கும். கரையான் தின்னா தின்னுட்டுப் போவுது."

போகியன்று விடிகாலை, மாடிக்குப் பின்னால் இருந்த கொல்லையில், முசியேயும் நானும் சீட்டுக் கட்டுகளைக் கொளுத்தினோம். பழைய பாய் இரண்டு, உடைந்த நாற்காலிக் கால், சீட்டுகள். கையெழுத்துகள் ஒரு கணம் பொன்னாக நிமிர்ந்து பிறகு கறுத்தன. அழகாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும், அழகாக இருந்தது. முசியே காபி டம்ளரோடு நெருப்புக்கு முன்னால் நின்று, "இந்த வாசனைதான்" என்றார். "இந்த வாசனைதான்டா." அவர் என்னை 'டா' போட்டது அன்று ஒரு நாள்தான். ஃப்ளாப்பிகளை எரிக்கவில்லை. புதுசுக்கு நகல் எடுத்துவைக்க ஃப்ளாப்பி வேண்டுமென்று, அவற்றை ஒவ்வொன்றாக அழித்து வெறுமையாக்கினேன். அரை நாள் வேலை. பாடிக்கொண்டே செய்தேன்.

தை நாலாம் தேதி. நெடுங்காட்டுப் பெண் திரும்பியிருந்தார். பூவத்துக்காரர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, நகத்தைக்கூடத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தார். வாழைப்பழச் சீப்பு ஒன்றை மேசையில் வைத்தார். பெயரைத் தட்டினேன். திரையில் எழுத்து ஓடி வந்தது: பிறந்த நாள், தாய் பெயர், குறிப்பு, ஏற்றுக்கொண்ட பத்திரம், முதல் சாட்சியின் பெயர், இரண்டாவது சாட்சியின் பெயரில் பாதி. அங்கே கட்டத்தின் சுவர். எழுத்து முட்டி நின்றது.

வருஷம் இல்லை. நம்பர் இல்லை.

மெஷின் ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை. வெட்டியதையும் சொல்லவில்லை, வலித்ததையும் சொல்லவில்லை. பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

நெடுங்காட்டுப் பெண் பின்னால் வந்து நின்று பார்த்தார். "அகலம் எவ்வளவு வச்சீங்க?" என்று மட்டும் மெல்லக் கேட்டார்.

சொன்னேன். "எண்ணிக்கை சரியா இருந்துச்சே" என்றும் சொன்னேன்.

"எண்ணிக்கை சரிதாங்க" என்றார்.

பூவத்துக்காரர் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். "என்ன தம்பி?"

"மெஷின்ல சின்னக் கோளாறுண்ணே. ஒரு வாரம் பொறுங்க. நாங்களே சேதி அனுப்புறோம்."

அது முதல் பொய்.

அவர் பிறந்த வருஷத்துப் பதிவேடு பைண்டிங்குக்காகப் பாண்டிச்சேரிக்குப் போயிருந்தது. எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அப்பா கையெழுத்துப் போட்ட பத்திரம் உள்ள பதிவேடு காரைக்காலிலேயே இருந்தது, ஆனால் எந்த வருஷத்துக் கட்டில் என்று தெரியாமல் எழுத்தர் தேட மாட்டார். முசியே போய்க் கேட்டார். மத்தியானம் ஒரு மணி நேரம், ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து புரட்டலாம் என்று அனுமதி கிடைத்தது. பிரெஞ்சுக் கையெழுத்தைப் படித்துப் பழகியவர் நெடுங்காட்டுப் பெண்தான். அவர் போனார்.

"ஒங்களுக்கு ஞாபகம் இல்லியா? நீங்கதானே எழுதுனீங்க?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"கைதாங்க எழுதுது. ஞாபகம் வேணும்னா சீட்டு எதுக்கு?"

தினமும் ஒரு மணி நேரம். ஒரு தாளைத் திருப்பினால் விளிம்பு அப்பளமாக நொறுங்குமாம். மூன்று மணிக்கு அவர் திரும்பி வந்து, முந்தானையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டு, தலையை இடமும் வலமுமாக ஒரு முறை அசைப்பார். நான் மெஷின் முன்னால் உட்கார்ந்து கட்டங்களை அகலப்படுத்திக்கொண்டிருந்தேன். அகலமான வெறும் கட்டங்கள். இன்னும் எத்தனை பேருடைய குறிப்பு அறுந்திருக்கிறது என்று பார்க்கும் தைரியம் எனக்கு வெகுநாள் வரவில்லை. முசியே என்னைத் திட்டவே இல்லை. "ரெண்டு பேருந்தானே கொளுத்துனோம்" என்றார். அதோடு மஃப்ளரை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

பிறகு சென்னையில், வேறு ஊர்களில், எத்தனையோ குழுக்களில் உட்கார்ந்துவிட்டேன். எல்லா இடத்திலும் ஒரு நாள் அந்தப் பேச்சு வரும்: புதுசுக்கு எப்போது மாறலாம்? சுறுசுறுப்பான ஒருவன் ஒரு தேதி சொல்வான். நான் கேட்பேன், இந்தத் தேதி எங்கிருந்து வந்தது? புத்தாண்டிலிருந்து வந்திருக்கும், மேலதிகாரி வருகையிலிருந்து வந்திருக்கும், அவனுடைய உள்ளங்கால் அரிப்பிலிருந்து வந்திருக்கும். வேலைக்குள்ளிருந்து வந்த தேதியை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அப்புறம் கேட்பேன், பழசை எங்கே வைக்கப் போகிறீர்கள்? எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். முசியே சொன்ன ஒரு வருஷமும் அதிகம்தான், அதற்குள் பூஞ்சை எல்லாவற்றையும் தின்றிருக்கும். வாய்க்கால் ஓரத்து ஒரு மா, வைகாசி வரை. அவ்வளவுதான் கேட்கப்பட்டது.

அந்த வருஷம் மாசி பிறந்து சில நாள் கழித்து, மூன்று மணிக்கு முன்பே நெடுங்காட்டுப் பெண் படியேறி வந்தார். தலையை அசைக்கவில்லை. முந்தானைத் தூசியைக்கூடத் தட்டவில்லை. கையிலிருந்த துண்டுத் தாளை என் மேசையில் வைத்தார். வருஷம், நம்பர். இரண்டாம் நாள் நகல் கையில். கெஞ்சி முத்திரையும் வாங்கியாயிற்று.

"நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

"நடந்தத அவருகிட்டச் சொல்லிடுங்க" என்றார்.

சைக்கிளில் பூவத்துக்கு. அறுத்த வயலில் நெல்தாள் காய்ந்து கிடந்தது, அதன் நடுவே உளுந்து பச்சையாக எழுந்திருந்தது. எதிர்க்காற்று. எழுந்து நின்று மிதித்தேன். மனசு லேசாக இருந்தது. தாமதம்தான், ஆனாலும் கிடைத்துவிட்டது, விசா வாங்கிவிடலாம், போய்விடலாம் என்று ஒவ்வொரு மிதிக்கும் ஒரு வார்த்தை.

அவர் வீட்டு வாசலில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலை. மீசையும் இல்லை. நான் சைக்கிளை நிறுத்தவில்லை, அது தானாகவே நின்றுவிட்டது.

"வாங்க தம்பி." எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "தந்தி வந்துச்சு. போன வாரம். இங்கேயே எல்லாம் செஞ்சுட்டோம்."

அவர் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். தாளை நீட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கிரீஸ் படாமல் இரண்டு விரல் நுனியால் வாங்கினார். பிரெஞ்சு அவருக்குப் படிக்கத் தெரியாது. அப்பா பெயரை மட்டும் கண்டுபிடித்தார், பிறகு தன் பெயரை. இரண்டுக்கும் நடுவில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"இது அன்னிக்கே இருந்துச்சா தம்பி? நான் மொதல்ல வந்த அன்னிக்கு?"

உளுந்து வயலில் காற்று. யாரோ ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"தேடித்தாண்ணே எடுக்க வேண்டியிருந்துச்சு" என்றேன்.

அது பொய் இல்லை. அவர் தலையாட்டினார். "ரொம்ப செரமப்பட்டிருக்கீங்க" என்றார். வீட்டுக்குள் போய், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், ஒரு பை நிறையப் புதுப் பச்சரிசி கொடுத்தார்.

திரும்பி வந்தபோது மாடியில் நெடுங்காட்டுப் பெண் மட்டும் இருந்தார். மேசை மேல் புதிய வெள்ளைச் சீட்டுக் கட்டு ஒன்று. முதலிலிருந்து எழுத ஆரம்பித்திருந்தார். அரிசிப் பையைக் கீழே வைத்தேன். அப்பா இறந்த சேதியைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

"சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"குடுத்துட்டேன்."

"குடுத்தீங்களான்னு நான் கேக்கல."

ஜன்னல் பக்கம் பார்த்தேன். அவர் பேனாவைத் திறந்து அடுத்த சீட்டை எழுதத் தொடங்கினார்.